அப்பாவும் நானும் கண்ணி தேடிய காடு

2024 மே மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, கோப்பெங், குவா தெம்புருங் பக்கம். வாகனம் மோதி ஒரு வரிப்புலி செத்துக் கிடந்தது. ஈப்போவிலிருந்து அந்த இடம் அரை மணி நேரம்கூட இல்லை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடந்து போகிற இடம். குழுவில் ஒருவர் அழுகிற பொம்மை போட்டார். இன்னொருவர் அதன் தோல் என்ன விலை போகும் என்று கேட்டார். வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போடுகிற அப்பா மட்டும் எதுவும் போடவில்லை.

அந்த வாரம் புந்தோங் வீட்டுக்குப் போனபோது அப்பா கேட்டார். "நம்ம பக்கத்துல இன்னுமா இருக்கு அது?"

எனக்குத் தெரிந்த புலி, பாட்டி சொன்ன புலிதான். சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பாட்டி பால் வெட்டினார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் நுழையும்போது யாரும் புலி என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாதாம். ‘பெரியவரு’ என்றுதான் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் ‘பாக் பெலாங்’ என்பார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். காட்டோர மரத்தடியில் இருந்த முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துவிட்டுத்தான் கடைசி நிரை மரங்களுக்குப் போவார்களாம். அந்தத் தோட்டம் பிறகு செம்பனைக்கு மாறியது. அதன் பிறகு பாதி நிலம் தாமானாக, அதாவது குடியிருப்பாக மாறிவிட்டது. முனியாண்டி இருக்கிறார். இப்போது அவருக்கு மேலே தகரக் கூரை, முன்னால் கார் நிறுத்துமிடம்.

அப்பாவின் கேள்விக்காகத்தான் தேடிப் படித்தேன். 1950களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக அக்காலக் கணிப்பு ஒன்று உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு முடிந்தபோது, எஞ்சியவை 150க்கும் குறைவு என்றார்கள். மலேசியாவின் அரச சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காற்பந்துக் குழுவுக்கு ஹரிமாவ் மலாயா என்று பெயர். காட்டில் இருப்பவற்றை எண்ணினால் நான்கு பேருந்துகளில் ஏற்றிவிடலாம். காடு அழிந்தது ஒரு காரணம். மானும் பன்றியும் குறைந்தது இன்னொன்று. 2021க்குப் பிறகு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் வாரிக்கொண்டு போனது. ஆனால் காடு நன்றாக இருக்கும் இடத்திலும் புலி குறைகிறதென்றால் அதற்குப் பெரிய காரணம் ஒன்றுதான்: கம்பிக் கண்ணி. மலாயில் ஜெராட்.

கண்ணி என்ற சொல்லைப் படித்துக் காட்டியபோது அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

நம் பேராக் மாநிலத்திலேயே, கிரிக்கைத் தாண்டி, ராயல் பெலூம் காடு இருக்கிறது. 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே ரிமாவ் என்ற அமைப்பு ஜாகாய்ப் பூர்வகுடி இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ‘மென்ராக்’ என்ற பெயரில் ரோந்துப் படை நடத்துகிறது. ஜாகாய் மொழியில் மென்ராக் என்றால் மனிதர்கள். நாள்கணக்கில் காட்டுக்குள் தங்கிக் கண்ணிகளை அகற்றுகிறார்கள். அது அவர்களுடைய முழுநேர வேலை. வாரக் கடைசியில் வந்து தொற்றிக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது, மைகேட் என்னும் மலேசியப் புலிப் பாதுகாப்புக் கூட்டணி நடத்தும் நடைப்பயணம். 2003இல் உருவான இந்தக் கூட்டணி, 2010 முதல் பொதுமக்களைக் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போகிறது. அதன் பெயர் ‘கேட் வாக்’. நானும் அப்பாவும் கேட் வாக் போகிறோம் என்றதும் அம்மா, "அப்பாவுக்கு எதுக்குடி இந்த வயசுல" என்று கேட்டார். விளக்கிச் சொல்லவே கால் மணி நேரம் ஆனது.

ஆமாம், அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "இன்னொரு பேரு போடலாமா?" என்றார். வயது 69. ஆனால் வாரம் மூன்று நாள் கிளெடாங் மலை ஏறி இறங்குகிறவர். உடல்நிலைப் பகுதியில் எழுத எதுவும் இல்லை. ‘சிறப்புத் திறன்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "பால் வெட்டத் தெரியும்னு போடு" என்று சிரித்தார். அதைக் காலியாக விட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். நமக்குக் குளிர்காலம் கிடையாது. ஆனால் பழைய தோட்டத்துக்காரர்களுக்கு உண்டு. வெள்ளைக்காரத் துரைமார்கள் ரப்பர் மரம் இலை கொட்டும் மாதங்களை ‘வின்டரிங்’ என்று அழைத்தார்கள். அப்பா அதை ‘விண்டரு’ என்பார். மரம் மொட்டையாகிவிடும், பால் குறையும், சம்பளமும் குறையும். வயிற்றை நிரப்ப ஆண்கள் காட்டோரம் போவது அந்த மாதங்களில்தான். "விண்டரு மாசத்துலதான் பன்னிக்கறி அதிகம்" என்று சிம்பாங் பூலாய் தாண்டும்போது சொன்னார். கேமரன் மலை ஏறும் அந்தச் சாலையில் தீத்திவாங்சா மலைத்தொடரை முழுசாகக் குறுக்கே கடக்கலாம். பேராக்கில் ஏறி, கம்போங் ராஜாவில் பகாங்கைத் தொட்டு, லோஜிங் வழியே கிளந்தானில் இறங்கினால் குவா மூசாங். அங்கிருந்து தெற்கே திரும்பினால் மறுபடி பகாங். மூன்று மாநிலங்கள், நான்கு மணி நேரம். வழியெல்லாம் மலைச்சரிவை மூடிய நெகிழிக் கூடாரங்கள், காய்கறித் தோட்டங்கள், மண் சரிந்த சிவப்புக் காயங்கள். நாம் சந்தையில் பேரம் பேசி வாங்கும் கோஸும் தக்காளியும் எந்தக் காட்டை வெட்டிய இடத்தில் விளைகின்றன என்பதை அந்தச் சாலையில் ஒருமுறை போனால் பார்த்துவிடலாம்.

மெராப்போ சிறிய ஊர். சுற்றிலும் நம் ஈப்போவைப் போலவே சுண்ணாம்புக்கல் குன்றுகள். குனோங் தஹான் ஏறுகிறவர்கள் வந்து இறங்கும் இடம். ஊருக்குக் கிழக்கே தாமான் நெகாரா, 4,343 சதுர கிலோமீட்டர் காடு. மேற்கே தீத்திவாங்சா. இரண்டு பெரிய காடுகளுக்கும் நடுவே சுங்கை யூ என்ற குறுகிய காட்டுப் பட்டை. இந்த இரண்டையும் இணைக்கும் கடைசிப் பாலம் அதுதான். ஒரு ஆண் புலிக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் எல்லை தேவைப்படுகிறது. வளர்ந்த குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து புது இடம் தேடிப் போக வேண்டும். இந்தப் பட்டை அறுந்தால் இரண்டு பக்கத்துப் புலிகளும் தனித்தனித் தீவுகளில் மாட்டிக்கொள்ளும். நடுவில் நெடுஞ்சாலை வேறு ஓடுகிறது. விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சில இடங்களில் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தோம். தலைக்கு மேல் லாரி போகிறது, காலடியில் யானைச் சாணம் கிடக்கிறது. குவா தெம்புருங்கில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று அப்பா சொல்வார் என நினைத்தேன். அவர் சாணத்தைக் குச்சியால் கிளறி, "ரெண்டு நாள் ஆச்சு" என்றார்.

வாரக் கடைசியில் நடக்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சனி ஞாயிறும் பெருநாள் விடுமுறையும் அதிகாரிகளின் நடமாட்டம் குறையும் நாள்கள். வேட்டைக்காரர்களுக்கும் அது தெரியும். அந்த நாள்களில் காட்டில் பேச்சுச் சத்தமும் காலடியும் இருந்தாலே அவர்கள் விலகிப் போவார்கள். ஆகவே நாம் எதையும் கண்டுபிடிக்காமல் நடந்தாலும் அதற்கும் ஒரு பயன் உண்டு என்று முதல் நாள் மாலை விளக்கம் சொன்ன இளைஞர் கூறினார். பயணம், சாப்பாடு, வழிகாட்டிக்கான செலவு எல்லாம் நம் பணம்தான். இடம் தெரியும்படி படங்களை ஊடகத்தில் போடக்கூடாது. எதையாவது பார்த்தால் தொடக்கூடாது. முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், தகவல் வனவிலங்குத் துறைக்குப் போக வேண்டும்.

நாங்கள் எட்டுப் பேர். இரண்டு வங்கி ஊழியர்கள், பினாங்கிலிருந்து ஓர் ஆசிரியை, ஒரு மருத்துவ மாணவர், கணவன் மனைவி இருவர், நாங்கள். தமிழர் நாங்கள் இருவர்தான். முன்னால் பாத்தேக் பூர்வகுடி வழிகாட்டி ஒருவர். முப்பது வயது இருக்கும். ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். எங்கள் விலை உயர்ந்த சப்பாத்துகள் வழுக்கிய இடத்திலெல்லாம் அவர் நின்று காத்திருந்தார். அப்பாவை முதல் நாளிலிருந்தே ‘பாக்சிக்’ என்று கூப்பிட்டார். அப்பா அவருக்குப் புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் கொடுத்தார். அதோடு இருவரும் கூட்டாளிகள்.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தும் இலைக்கு இலை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. எல்லோரும் அட்டை உறையை முழங்கால்வரை மாட்டியிருந்தோம். அப்பா ஒரு துணியில் புகையிலையும் சுண்ணாம்பும் நனைத்துக் கணுக்காலில் கட்டியிருந்தார். என்னை ஆறு கடித்தன. அவரை ஒன்றும் கடிக்கவில்லை. மருத்துவ மாணவர் மறுநாள் காலை அப்பாவிடம் வந்து புகையிலை கேட்டார்.

முதல் நாள் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். தொலைக்காட்சியில் பார்க்கிற காடு வேறு, இது வேறு. நாள் முழுக்க ஒரு விலங்கைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்பதெல்லாம் அவை விட்டுப் போனவற்றைத்தான். ஓடைச் சேற்றில் தப்பிரின் மூன்று விரல் தடம். மரத்தில் தேன் தேடி ஏறிய சூரியக் கரடியின் நகக் கீறல், ஆள் உயரத்துக்கு மேலே. புனுகுப் பூனையின் எச்சத்தில் பழக்கொட்டைகள். உப்பு ஊற்று ஒன்றில் மானும் யானையும் மண்ணை நக்கிக் குழியாக்கிய இடம். ஒவ்வொன்றையும் அளந்து, ஜி.பி.எஸ். எண்ணைக் குறித்துப் படிவத்தில் எழுதுவது என் வேலை. மாலையில் கணக்குப் பார்த்தால் இருபத்து மூன்று பதிவுகள். புலி எதிலும் இல்லை. ஆசிரியைக்கு ஏமாற்றம். எனக்கும்தான். ஒரு கால் தடமாவது பார்த்துவிட்டு அலுவலகத்தில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு மேட்டு வரம்பில் ஏறினோம். புலி, சிறுத்தை, செந்நாய் போன்றவை இப்படிப்பட்ட வரம்புகளில் நடக்கவே விரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நின்றார். கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"அங்க பாரும்மா. குச்சிங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காட்டில் எங்கே பார்த்தாலும் குச்சிதான். அப்பா சுட்டிக்காட்டிய பிறகுதான் புரிந்தது. காய்ந்த குச்சிகள், மக்கிப்போன கொப்புகள், ஒரு தாழ்ந்த வேலி மாதிரி வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. நடுவில் ஓர் இடைவெளி. "தானா விழுந்த கொப்பு இப்படி ஒரே பக்கமாச் சாயாது" என்றார். வழிகாட்டி ஏற்கெனவே நின்றிருந்தார். அப்பா சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. அவர் எங்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, நீண்ட தடியால் இலைச் சருகை மெதுவாக விலக்கினார். துருப்பிடித்த கம்பிக்கயிறு, என் சுண்டுவிரல் பருமன். ஒரு முனை மரத்தில் கட்டப்பட்டிருந்தது. மரப்பட்டை கம்பியை விழுங்கி வளர்ந்திருந்தது. வைத்தவர்கள் திரும்பி வரவே இல்லை. ஆனாலும் சுருக்கு சுருக்காகத்தான் இருந்தது. எத்தனை வருடம் ஆனாலும் கண்ணிக்குத் தான் கைவிடப்பட்டது தெரியாது.

படம் எடுத்தார்கள், அளந்தார்கள், குறித்தார்கள். பிறகு அதைக் கழற்றினார்கள். எங்கள் குழுவில் யாரோ கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் சேராததால் நிறுத்திக்கொண்டார். அப்பா தள்ளிப் போய் ஒரு வேர் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது பன்னிக்கு வச்சதில்ல," என்றார். "பன்னிக்கு இவ்வளவு தடி வேணாம்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

உடனே பதில் வரவில்லை. பிறகு தமிழில், மெதுவாக, மற்றவர்களைப் பார்க்காமல் சொன்னார்.

"அறுபத்தெட்டுன்னு நினைக்கிறேன். எனக்குப் பன்னெண்டு வயசு. தாத்தா வச்ச கண்ணிதான். பன்னிக்குத்தான் வச்சாரு. விண்டரு மாசம், வீட்டுல ஒண்ணுமில்ல. வெள்ளனப் பால் வெட்டப் போனவங்க சத்தம் கேட்டு ஓடி வந்துட்டாங்க. போய்ப் பார்த்தா பன்னி இல்ல. கறுப்பு."

கறுஞ்சிறுத்தை. தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்புதான் என்பதை முந்தின இரவுதான் அந்த இளைஞர் சொல்லியிருந்தார். அப்பா அப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னங்காலு மாட்டியிருந்துச்சு. ராத்திரி பூரா இழுத்திருக்கும் போல. எலும்பு தெரிஞ்சிச்சு. கிராணி துப்பாக்கி உள்ள ஆளைக் கூட்டிக்கிட்டு வர மத்தியானம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் லயத்துப் புள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னுக்கிட்டு கல்லால அடிச்சோம். நானும் அடிச்சேன். அது முதல்ல உறுமிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் உறுமல."

தாத்தாவை எனக்குத் தெரியும். கோவிலுக்குப் போனால் எறும்புக்குச் சர்க்கரை போடுகிற மனிதர். அவர் கண்ணி வைத்தவர் என்பதையும், அப்பா கல் எறிந்தவர் என்பதையும் முப்பத்தொரு வயதில் பகாங் காட்டில் ஒரு மரவேரில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "பசிக்குத்தானேப்பா" என்றேன். "கண்ணி பசிக்கு. கல்லு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து நடக்கத் தொடங்கினார்.

இன்று காட்டில் மாட்டுகிற கம்பிகள் பசிக்கு வைக்கப்படுபவை அல்ல. எலும்பும் தோலும் எல்லை தாண்டி விற்கப்படுகின்றன. வாரக்கணக்கில் காட்டில் தங்கி, வரிசை வரிசையாகக் கண்ணி வைத்துவிட்டுப் போகும் கும்பல்கள் வேலை செய்கின்றன. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைக் குற்றமாக்கியது, 2022இல் தண்டனைகள் இன்னும் கடுமையாயின. ஆனாலும் ஆறடிக் கம்பிக்கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. பன்றிக்கு வைத்தாலும் மானுக்கு வைத்தாலும் கண்ணிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. தோட்டத்து வேலியோரம் இன்றும் பன்றித் தொல்லைக்காகக் கண்ணி வைக்கிற நம் ஆட்கள் இருக்கிறார்கள். சில கிராமங்களில் எனக்கே தெரியும். அவர்களைக் கும்பல்களோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கம்பியில் மாட்டும் காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று மாலை அந்த இளைஞர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அப்பாவிடம் வந்தார். பழைய நாளில் தோட்டங்களில் எப்படிப்பட்ட கண்ணிகள் இருந்தன, எந்த மாதங்களில், காட்டின் எந்த ஓரங்களில் வைப்பார்கள், பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டார். புதிதாக வரும் தொண்டர்களுக்குக் கண்ணைப் பழக்க உதவும் என்றார். அப்பா தன் தோட்டத்து மலாயில் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் இருந்து திருத்தி எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. விண்டரு மாதம், பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு, ஒருமுறை பக்கத்து வீட்டு நாய். கறுப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இளைஞர் ‘சிறப்புத் திறன்’ பகுதியில் தானே ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். குவா மூசாங்கில் பசியாறினோம். ரொட்டி சானாய்க் கடையில் பக்கத்து மேசைக்காரர் ஈப்போ வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். "காட்டுக்கு" என்றார் அப்பா. "புலி பாத்தீங்களா?" "இல்ல, கம்பி பாத்தோம்." அவருக்குப் புரியவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

லோஜிங் ஏற்றத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் அப்பா சொன்னார். "அந்தத் தம்பிக்குப் போன் போடும்மா. கறுப்பு பத்திச் சொல்லல."

"எழுதித்தான் ஆகணுமாப்பா?"

"எங்க, எந்த வருசம்னு அவங்களுக்கு வேணும்ல. அந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு தெரியட்டும்."

அந்த இடத்தில் தொலைபேசிச் சமிக்ஞை இல்லை. கம்போங் ராஜா வந்ததும் சாலையோரக் காய்கறிக் கடை அருகே வண்டியை நிறுத்தினேன். அப்பா என் கைப்பேசியை வாங்கி, வாய்க்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, தோட்டத்தின் பெயரிலிருந்து தொடங்கிப் பேசினார். ஐந்து நிமிடக் குரல் பதிவு. கல் எறிந்ததையும் சொன்னார். மலாயில் கல்லுக்கு ‘பத்து’ என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் மட்டும் தமிழில் கல்லு என்றே சொன்னார். திருத்தலாமா என்று பார்த்தேன், அதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார்.

பிறகு இறங்கிப் போய் இரண்டு கிலோ தக்காளி வாங்கி வந்தார்.